ஊதா மஞ்சளாகும் சோதனையும் விளவங்கோட்டு மருந்தும்

டிபிபிஎச் என்ற வேதிப்பொருளை மெத்தனாலில் கரைத்தால் அடர்ந்த ஊதா நிறம் கிடைக்கும். நெல்லிக்காயிலிருந்தோ ஆடாதோடை இலையிலிருந்தோ எடுத்த சாற்றை அதில் கொஞ்சம் விட்டு, அரை மணி நேரம் இருட்டில் வைத்தால் ஊதா வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறியது என்பதை 517 நானோமீட்டர் அலைநீளத்தில் கருவி அளந்து சொல்லிவிடும். அந்த அளவுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் என்று பெயர். செலவு குறைவு, அரை நாளில் வேலை முடியும், பெரிய கருவியும் வேண்டாம். ஆகவே தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் இந்தச் சோதனைக்குத் தப்பிய மூலிகை அரிது. முடிவு வந்ததும் ஆய்வேட்டில் ஒரு வாசகம் ஏறும்: முன்னோர் கண்டதை அறிவியல் உறுதி செய்துவிட்டது. பிறகு அதே வாசகம் லேகிய டப்பாவின் மேல் விளம்பரமாக வந்து உட்காரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பழைய விளவங்கோடு வட்டத்தின் மருந்து வரலாற்றை வைத்துப் பார்த்தால், இந்த உறுதிமொழியை அப்படியே ஏற்பது கடினம். முன்னோர் கேட்ட கேள்வி வேறு, இந்தச் சோதனை பதில் சொல்லும் கேள்வி வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதில் வைத்தியத்துக்குப் பெருமை சேரவில்லை, அதன் உள்ளடக்கம்தான் காணாமல் போனது.

இந்த வட்டாரத்தின் நில அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் கோதையாறும் பறளியாறும் சேர்ந்து குழித்துறைத் தாமிரபரணியாகி, தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகின்றன. தூரம் அதிகமில்லை. அந்தக் குறுகிய இடத்துக்குள் மழைக்காடு, செம்மண் பொற்றை, தென்னையும் பனையும் நிற்கும் விளை, நெல் விளையும் ஏலா, உப்புக்காற்று வீசும் கரை எல்லாம் வந்துவிடும். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், ஐப்பசியின் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். மலை வேரும் கரைச் செடியும் ஒரே வைத்தியரின் கைக்கு எட்டிய ஊர்கள் தென்னாட்டில் அதிகம் இருந்திருக்க முடியாது. ஆடி அமாவாசையன்று முன்னோர்க்குப் பலி கொடுக்கக் குழித்துறை ஆற்றங்கரையில் கூடும் கூட்டத்தைச் சுற்றி வாவுபலிப் பொருட்காட்சி வளர்ந்ததும், அங்கே செடியும் நாற்றும் விலை போவதும் இந்த மண்ணுக்குப் பொருத்தமானவை. அந்த ஆடி மாதமே மலையாள வழக்கில் கர்க்கடகம். உடம்பைத் தேற்ற மருந்துக் கஞ்சி காய்ச்சும் மாதம்.

இந்த வைத்தியத்தின் வயதைப் பின்னோக்கி இழுக்க ஆசைப்படுவோர் உண்டு. முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் ஆய் அரசன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் 95 சட்டர்க்குச் சாலை ஏற்படுத்திய செப்பேடு இருக்கிறது. சிதறால் மலையில் சமணர் பள்ளி இருந்தது. சமணர் மருந்துக் கொடையை அறமாகக் கொண்டவர்கள். இரண்டும் உண்மை. ஆனால் பார்த்திவசேகரபுரத்துச் சாலை வேதமும் இலக்கணமும் கற்ற சட்டர்க்கானது. சிதறால் கல்வெட்டுகளை வைத்துக்கொண்டு மருந்துச்சாலை ஒன்றை எழுப்ப முடியாது. எண்ணைக் காட்டி மருந்தை நிரூபிப்பதும் ஆண்டைக் காட்டி மருந்தை நிரூபிப்பதும் ஒரே வகைத் தவறு என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஆயிரம் ஆண்டு பழையது என்பதால் ஒரு கஷாயம் காய்ச்சலைக் குறைத்துவிடாது.

வைத்தியர்களும் வர்ம ஆசான்களும் செய்த வேலையின் முறை நன்றாகவே தெரியும். மருந்தை அவர்கள் பச்சை மருந்து, அங்காடி மருந்து என்று இரண்டாகப் பிரித்தார்கள். விளை வரப்பிலும் வேலியிலும் பறிப்பது பச்சை மருந்து. சுக்கு, திப்பிலி, கடுக்காய் போல உலர்ந்து கடையில் கிடைப்பது அங்காடி மருந்து. எந்தச் செடி என்பதோடு அவர்கள் நின்றதில்லை. வேரா, பட்டையா, முழுச் செடியான சமூலமா, பூக்கும் முன்பா பின்பா, நிழலில் உலர்த்துவதா வெயிலிலா என்பதெல்லாம் மருந்தின் பகுதி. குடிநீர் என்றால் நாலில் ஒன்றாக வற்ற வேண்டுமா எட்டில் ஒன்றாகவா என்ற கணக்கு உண்டு. தைலம் என்றால் மெழுகு பதமா மணல் பதமா என்று விரலால் உருட்டிப் பார்த்து இறக்குவார்கள். குடிக்கும் எண்ணெய்க்கு ஒரு பதம், மேலே தேய்க்கும் எண்ணெய்க்கு வேறு பதம். இன்றைய வேதியியல் சொற்களில் சொன்னால் இவை பிரித்தெடுக்கும் முறைகள். நீரில் கொதிக்கும்போது டானின்களும் கிளைக்கோசைடுகளும் இறங்கும், ஆவியாகும் எண்ணெய்கள் பெரும்பாலும் பறந்துவிடும். எண்ணெயில் காய்ச்சும்போது பெரும்பாலும் கொழுப்பில் கரைபவை ஏறும். ஒரே நொச்சி இலை குடிநீரில் ஒரு பொருளாகவும் தைலத்தில் இன்னொரு பொருளாகவும் நோயாளியிடம் போய்ச் சேர்கிறது. ஆய்வகமோ பெரும்பாலும் அந்த இலையை உலர்த்திப் பொடித்து மெத்தனாலிலோ எத்தில் அசிட்டேட்டிலோ ஊற வைக்கிறது. கரைப்பானை மாற்றினால் எண்ணும் மாறிவிடும் என்பது அந்த ஆய்வேடுகளின் அட்டவணைகளிலேயே இருக்கிறது. விளவங்கோட்டில் யாரும் மெத்தனால் சாறு குடித்ததில்லை. குடித்திருந்தால் கண் போயிருக்கும்.

வைத்தியர்கள் போட்டியில்லாத உலகத்தில் வாழவுமில்லை. நெய்யூரில் லண்டன் மிஷன் 1838இலேயே மருத்துவப் பணியைத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு தென்திருவிதாங்கூர் மக்கள் முன்னால் இரண்டு கதவுகள் திறந்திருந்தன. அறுவைக்கு அங்கே, எலும்பு முறிவுக்கும் வர்ம அடிக்கும் ஆசானிடம் என்று அவர்கள் பிரித்துப் போனதற்கு நம்பிக்கையைவிடப் பலனைப் பார்த்த அனுபவமே காரணம் என்று நினைக்கிறேன். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாளின் அரசு 1889இல் திருவனந்தபுரத்தில் ஆயுர்வேத பாடசாலை வைத்தபோது நாட்டு வைத்தியம் அரசின் கணக்குக்குள் வந்தது. செடிகள் அதற்கு முன்பே ஐரோப்பியர் கணக்கில் ஏறியிருந்தன. ஹீபர் ட்ரூரி இந்தியாவின் பயன்தரும் தாவரங்களைப் பற்றிய தன் நூலை 1858இல் வெளியிட்டார். பின்னர் திருவிதாங்கூர் வனத்துறையின் ராமராவ் 1914இல் அந்த நாட்டின் பூக்கும் தாவரங்களைத் தொகுத்தார்.

வேதியியல் முறையில் மூலிகையைத் திறந்து பார்ப்பதும் அந்தக் காலத்திலேயே தொடங்கியது. தொடக்கம் நன்றாகவே இருந்தது. உதகமண்டலத்தில் அரசின் சின்கோனா வேதியியலராக இருந்த டேவிட் ஹூப்பர் 1887இல் சிறுகுறிஞ்சான் இலையை ஆராய்ந்தார். அந்த இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்குச் சர்க்கரை நாக்கில் மணல் போலிருக்கும் என்பது நம் ஊர்ச் சிறுவர்களுக்கும் தெரியும். சர்க்கரைக்கொல்லி என்ற பெயரே அதனால் வந்தது. ஹூப்பர் அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குக் காரணமான பொருளைத் தேடினார், ஜிம்னமிக் அமிலம் கிடைத்தது. கவனிக்க வேண்டியது அவர் கேள்வி கேட்ட விதம்: இலை என்ன செய்கிறது என்று மக்கள் சொன்னார்களோ, அதைச் செய்வது எது? சர்ப்பகந்தாவின் கதையும் இதே தடத்தில் போனது. சித்தப் பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்த வேர் அது. 1931இல் வங்காளத்தில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அதன் விளைவை நோயாளிகளிடம் பார்த்து எழுதினார்கள். ரத்த அழுத்தத்துக்கு அது பயன்படுவதை 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் உலகத்துக்குச் சொன்னார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் ரிசர்பைனைப் பிரித்தது. வேர், நோய், மனிதர், பிறகு வேதிப்பொருள் என்ற வரிசை அங்கே குலையவில்லை.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற கருத்து வைத்தியத்தின் பக்கமாக வந்ததே அல்ல. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஷார்ல் மூரூ, ஷார்ல் துஃப்ரெஸ் என்ற பிரெஞ்சு வேதியியலர்கள் நச்சுவாயுவாகப் பயன்பட்ட அக்ரோலின் கெடாமல் இருக்க வழி தேடினார்கள். ஃபீனால் வகைப் பொருள்களை மிகச் சிறிதளவு சேர்த்தாலே அது நிலைத்தது. விரைவில் ரப்பர் தொழில் இதைப் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் காற்றுப்பட்டு வெடித்துப்போவதுதான் டயரின் பெரிய நோய். எண்ணெயும் கொழுப்பும் காறிப்போகாமல் காக்க உணவுத் தொழிலும் பிறகு எடுத்துக்கொண்டது. மார்த்தாண்டத்தையும் குலசேகரத்தையும் சுற்றி வாழ்பவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். 20ஆம் நூற்றாண்டில் இந்த மலையடிவாரத்தின் கலப்பு விளைகளையும் காட்டோரங்களையும் விழுங்கியது ரப்பர்தான். பச்சை மருந்து கிடைத்த வேலிகளும் அதோடு போயின. அந்த ரப்பர் பாலில் இயற்கையாகவே டோகோடிரையினால் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது. நிறம் மாறுவதே மருந்துக்கு அடையாளம் என்றால் பால்வெட்டுக்குப் போகிறவர் தினமும் மருந்தைத்தான் சிரட்டையில் சேகரிக்கிறார்.

இதைவிட நல்ல சாட்சி மாறாமலையில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் குற்றாலத்தில் ஊன்றிய கிராம்பு பின்னர் இந்த மலைகளுக்கும் பரவியது. 2021இல் கன்னியாகுமரிக் கிராம்பு என்று புவிசார் குறியீடு பெற்றபோது, நாட்டின் ஆண்டு விளைச்சல் 1,100 டன்னில் 750 டன் இந்த ஒரு மாவட்டத்திலிருந்து வருவதாகச் செய்திகள் சொல்லின. ஆன்டிஆக்ஸிடன்ட் பட்டியல் எதை எடுத்தாலும் கிராம்பு உச்சியில் அல்லது அதற்கு அருகில் நிற்கும். ஆனால் வைத்தியர் கிராம்பை எடுத்தது பல் வலிக்கும் வாய் நாற்றத்துக்கும் செரிமானத்துக்கும், அதுவும் ஒன்றிரண்டு மொட்டு அளவில். யூஜினால் நரம்பை மரக்கச் செய்கிறது என்பதால் பல் மருத்துவரும் அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துப் பல் குழியில் வைக்கிறார். பட்டியலில் முதலிடம் பெற்ற பொருளின் புகழ் அந்தப் பட்டியல் அளக்காத குணத்தால் வந்தது. வரிசைப்படி மருந்து கொடுப்பதென்றால் சர்வரோகத்துக்கும் கிராம்பையே கொடுத்திருக்க வேண்டும், யாரும் கொடுக்கவில்லை.

ரசாயனத் தொழிலில் பிறந்த ஆன்டிஆக்ஸிடன்ட் கருத்து உடம்புக்குள் நுழைந்தது 1956இல். அமெரிக்காவில் டென்ஹாம் ஹார்மன், தனித்துத் திரியும் எலக்ட்ரானுள்ள மூலக்கூறுகள் செல்களைச் சிதைப்பதால்தான் முதுமை வருகிறது என்றார். ஊதா மஞ்சளாகும் சோதனையை மார்ஸ்டன் ப்ளோயிஸ் 1958இல் நேச்சர் இதழில் எழுதினார். இரண்டையும் சேர்த்தால் வரும் முடிவு கவர்ச்சியானது: சிதைப்பவற்றை அடக்கும் பொருளைச் சாப்பிட்டால் நோயும் முதுமையும் விலகும். சாப்பிட வைத்தும் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதே போன்ற ஆய்வு ஒன்றை 1996இல் பாதியில் நிறுத்தினார்கள். உணவுப் பொருள்களின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைப் பட்டியலிட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை 2012இல் அந்தப் பட்டியலைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. சோதனைக் குழாயில் கிடைக்கும் எண்ணுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, விற்பனையாளர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். பிறந்த வீடு கைவிட்ட பட்டியலை நாம் மட்டும் முன்னோரின் சான்றிதழாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

நம் மலையிலேயே நடந்த ஆரோக்கியப்பச்சை விவகாரத்தில் இந்தச் சிக்கல் முழு அளவில் வெளிப்பட்டது. அகத்தியமலைக் காட்டில் நிழலில் வளரும் சிறு செடி அது. 1987இல் பாலோடு தாவரவியல் பூங்கா நிறுவனத்தோடு தொடர்புடைய ஆய்வுக் குழு, புஷ்பாங்கதன் தலைமையில் மலையேறியபோது, வழிகாட்ட வந்த காணிக்காரப் பழங்குடியினர் களைக்காமல் நடப்பதைக் கவனித்தது. அவர்கள் வழியில் ஒரு காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். ரகசியம் அந்தச் செடி என்று பின்னால் தெரியவந்தது. நிறுவனம் அதை ஆராய்ந்து, அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றோடு சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தாக்கியது. கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 1995இல் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத் தொகைக்கும் தயாரிக்கும் உரிமை கொடுக்கப்பட்டது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் கேரள காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகம் பாராட்டியது. அந்தப் பாராட்டில் நியாயம் உண்டு. மருந்துக் கோணத்திலிருந்து பார்த்தால் வேறு கதை தெரிகிறது. காணிகள் தின்றது காய், ஜீவனிக்கு எடுத்தது இலை. காணிகள் தின்றது நடக்கும்போது, அங்கேயே பறித்து, பச்சையாக. டப்பாவில் வந்தது பொடி. வனத்துறை இலை பறிப்பதற்குத் தடை சொன்னது. காட்டுக்கு வெளியே வளர்த்த செடியில் அதே குணம் இல்லை என்ற பேச்சு எழுந்தது. பிலாத்திகள் என்ற காணி மருத்துவர்கள் சிலர் தங்கள் அறிவை விற்றதை எதிர்த்துக் கேரள முதலமைச்சருக்கு 1995இல் எழுதினார்கள். மருந்தை யார், எப்போது, யாருக்குக் கொடுக்கலாம் என்ற அதிகாரம் பிலாத்தியிடம் இருந்தது. எந்தச் சாற்றை அளந்தாலும் அந்த அறிவு அதில் இறங்கி வராது. பின்னால் 2005இல் வந்த ஓர் ஆய்வு எலிகளிடம் களைப்பு நீங்குவதையும் குழாயில் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனையும் காட்டியது. அதில் முதல் பாதி காணிகளின் கேள்வியோடு தொடர்புடையது. மேற்கோளாக ஊர் சுற்றுவது பெரும்பாலும் இரண்டாம் பாதி.

அந்த அறக்கட்டளையின் பெயரில் கேரளம் இருப்பதையும் விட்டுவிட முடியாது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் 1ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. களியக்காவிளையில் போட்ட கோடு மலைமேலும் போனது. பேச்சிப்பாறைக்கு மேலே வாழும் காணிகளும் அதே இனத்தார், அதே மலையில் நடப்பவர்கள். பங்கு ஏற்பாடு கோட்டுக்கு அந்தப் பக்கத்தோடு நின்றது.

இதற்கெல்லாம் மறுப்பு வரும். ஆய்வகத்தை ஒதுக்கிவிட்டு வைத்தியர் சொன்னதை அப்படியே நம்பச் சொல்கிறாயா என்பது முதல் மறுப்பு. சொல்லவில்லை. வைத்தியத்தில் தவறான செடியும் தவறான அளவும் பலனில்லாத மருந்தும் இருந்தன, இருக்கின்றன. அவற்றைப் பிரிக்கச் சோதனை வேண்டும், ஆனால் நோயையும் நோயாளியையும் வைத்துக்கொண்டு. சென்னையில் தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லியை மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி தங்கியிருந்தவர்களுக்குக் கொடுத்து 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரிடமும், வெறும் பொடி எடுத்த 23 பேரில் ஒருவரிடமும் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் வரவில்லை. முதல் முடிவு மிகைப்பட்டதாக இருக்கலாம். கீழாநெல்லியிலேயே எந்த வகை, எந்த மண்ணில் வளர்ந்தது, எப்போது பறித்தது என்ற வேறுபாடாகவும் இருக்கலாம். எப்படியானாலும் அது சரியான சண்டை. வைத்தியர் காமாலைக்குக் கொடுத்தார், அவர்கள் காமாலைக் கிருமி தங்கியிருந்தவர்களிடம் சோதித்தார்கள், தோற்றால் தோற்றது என்று சொல்ல முடிந்தது. டிபிபிஎச் சோதனையில் எந்த மூலிகையும் தோற்பதேயில்லை, ஏனென்றால் ஃபீனால் இல்லாத பச்சிலை கிடையாது. தோற்க வாய்ப்பில்லாத தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை எவ்வளவு நம்புவது?

அது முதல் சல்லடைதானே, அதைத் தாண்டித்தானே மற்றவை என்பது இரண்டாவது மறுப்பு. நியாயமான பேச்சுதான், சல்லடைக்குப் பிறகு ஏதேனும் நடக்குமானால். பெரும்பாலான ஏடுகள் சல்லடையோடு முடிகின்றன. தவிர, ஒற்றைச் செடியைத் தனியே அளக்கும் சல்லடை கூட்டு மருந்தின் சூட்சுமத்தைக் கோட்டைவிடும். பல குடிநீர்களிலும் சூரணங்களிலும் சுக்கு, மிளகு, திப்பிலி ஏன் வருகின்றன என்பதற்கு ஒரு துப்பு பெங்களூரிலிருந்து 1998இல் வந்தது. சிறிய ஆய்வுதான், மிளகின் பைப்பரினைச் சேர்த்தபோது மஞ்சளின் குர்குமின் மனித ரத்தத்தில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியதாக அது சொன்னது. இந்த மூன்றும் சேர்ந்த திரிகடுகத்தின் வேலை மஞ்சளை உள்ளே கொண்டுசேர்ப்பதாக இருக்கலாம் என்றால், குழாயில் தனித்தனியே எடுத்த எண்களால் அதை ஊகிக்கக்கூட வழியில்லை. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை மறுப்பு என்றுகூடச் சொல்ல மாட்டேன்: வேதியியல் பகுப்பாய்வு சரக்கின் தரத்தைக் காட்டும், கலப்படத்தைப் பிடிக்கும், உலோகக் கலப்பைக் கண்டுபிடிக்கும். மெய்தான். அங்காடி மருந்து எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத இன்றைய நிலையில் அந்த வேலைக்குத்தான் ஆய்வகம் மிகவும் தேவைப்படுகிறது. அந்த வேலைதான் குறைவாகவும் நடக்கிறது.

இரண்டு கல்விச்சாலைகள் இதைச் செய்யும் இடத்தில் இருக்கின்றன. முஞ்சிறையில் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. வட்டாரத்தில் இன்னும் மருந்து காய்ச்சும் ஆசான்களும் வைத்தியர்களும், பேச்சிப்பாறைக்கு மேலே காணிக் குடியிருப்புகளும் உண்டு. எந்த நோய்க்கு, எந்தப் பாகம், எந்த மாதம் பறித்தது, எவ்வளவு வற்றியது, எத்தனை நாள் கொடுத்தது, எத்தனை பேருக்குக் கேட்டது, எத்தனை பேருக்குக் கேட்கவில்லை என்று நோயாளி வாரியாக எழுதி, பறித்த செடியின் மாதிரியையும் அதோடு உலர்த்தி வைக்க வேண்டும். சொல்லித் தருகிறவர்களின் பெயரும் பங்கும் அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே ஏற வேண்டும். இந்தப் பதிவு தொடங்கிய பிறகு ஊதாக் கரைசலை வேண்டுமானால் கலக்கிக்கொள்ளட்டும்.